உலகத்தை உடைத்த மூன்று பேர்

'உலகத்தை உடைத்தது யார்?' என்ற கேள்விக்கு மூன்று பேர் முழங்காலில் நின்று 'நான்' என்றார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

உலகம் என்றதும் பயந்துவிட வேண்டாம். நவதுறவகத்தின் படிப்பறையில், மரக்காலின்மேல் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்ற பெரிய உலக உருண்டை அது. பள்ளிக்கூடம் நடத்தும் கன்னியர் சபை. அதில் சேர வந்த பெண்கள், வார்த்தைப்பாடு கொடுத்து சகோதரியாகும் வரை தங்கிப் பழகும் வீடுதான் நவதுறவகம். மதிலுக்கு இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், நடுவே ஒரு சின்னக் கதவு. வாரத்தில் சில நாட்கள் நவதுறவிகள் அந்தக் கதவு வழியாகப் போய்ப் பாடம் நடத்திப் பழகுவார்கள். உருண்டையும் சில சமயம் அவர்கள் இடுப்பில் உட்கார்ந்து போய் வரும்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அது இரண்டு பாதியாகத் தரையில் கிடந்தது. வட பாதி மேசைக்கடியில், தென் பாதி கதவோரத்தில்.

மதர் வந்து பார்த்தார். நவதுறவிகளைப் பழக்கி ஆளாக்கும் பொறுப்பு அவருடையது. கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது, தாழும். அன்று குனிந்து கேட்க வேண்டிய அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

"சரி. நாளைக்கு சனிக்கிழமைதானே?" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

சனிக்கிழமை மாலை செபம் முடிந்ததும் பொது அறையில் அவரவர் குற்றத்தைச் சொல்லும் வழக்கம் உண்டு. பாவங்களைக் குருவிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிறது, அது தனி. இங்கே சொல்வதெல்லாம் வீட்டு ஒழுங்கைப் பற்றிய குற்றங்கள். கதவை அறைந்து சாத்தியது, மௌன நேரத்தில் பேசியது, கூட இருப்பவளை 'சிஸ்டர்' என்று கூப்பிடாமல் 'டீ' போட்டது. ஒருத்தியாக வந்து முழங்காலில் நின்று, செய்ததைச் சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டும். 'ஆனால்' என்று இழுக்கக் கூடாது, 'ஏனென்றால்' என்று விளக்கவும் கூடாது. காரணம் சொல்ல ஆரம்பித்தால் குற்றம் கரைந்து காணாமல் போய்விடும் என்பது சபையின் எண்ணம்.

வயதில் சிறியவள் முதலில் வர வேண்டும். அவளுக்கு மற்றவர்கள் வைத்திருந்த பெயர் 'சந்தேகம்'. சாப்பிட்டோமா என்று சந்தேகம் வந்து மறுபடி சாப்பாட்டு அறை வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிற ரகம். போன வாரம், கொடியில் காய்ந்த துணி மழையில் நனைந்ததற்கு முழங்காலில் நின்றாள். மழை அவள் பேச்சைக் கேட்டுப் பெய்ததுபோல.

"வெள்ளிக்கிழமை காலையில நான்தான் குளோபைத் துடைச்சேன் மதர். துடைக்கும்போது ஆடுச்சு. அதனால உடைஞ்சிருந்தா, அது என் குற்றம்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மதர் தலையசைத்தார். சந்தேகம் எழுந்து போனாள்.

அடுத்து வந்தவள் 'ஊசி'. தையல்காரர் மகள், உடம்பும் அப்படித்தான். அவள்தான் நம் கதாநாயகி.

"குளோபை உடைச்சது நான், மதர்."

அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. மதர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.  ஊசி ஏதோ பெரிய நல்ல காரியம் செய்த நிறைவோடு எழுந்து போய் உட்கார்ந்தாள்.

இன்னும் இரண்டொருவர் வந்து சின்னச் சின்னக் குற்றங்களைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாக 'ஏணி' வந்தாள். நவதுறவிகளிலேயே உயரமானவள், ஒட்டடை அடிக்க அவளுக்கு முக்காலி தேவையில்லை.

"குளோபை உடைச்சது நான்தான், மதர்" என்றாள் ஏணி. சொல்லிவிட்டு ஊசியை முறைத்தாள்.

மதர் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, "உலகத்தைப் படைக்க ஒருத்தர் போதுமா இருந்துச்சு. உடைக்க மூணு பேர் தேவைப்பட்டிருக்கு" என்றார்.

இந்த முறை இருமக்கூட யாருக்கும் துணிவு இல்லை.

"அடுத்த மாசம் வார்த்தைப்பாடு. கடவுள் முன்னாடி வாக்குக் கொடுக்கப் போறீங்க. இதே முழங்கால்ல நின்னு பொய் சொன்னவங்க பேரை நான் ஆலோசனைக் குழுவுக்கு அனுப்ப முடியாது. அடுத்த சனிக்கிழமைக்குள்ள என் அறைக்கு வந்து உண்மையைச் சொல்லிட்டுப் போங்க. அதுவரைக்கும் இதைப் பத்தி உங்களுக்குள்ள ஒரு வார்த்தை பேசக் கூடாது."

குழு பெயரை ஏற்றால்தான் வார்த்தைப்பாடு. 

ஊசியின் கணக்கு இதுதான். வெள்ளிக்கிழமை நடைபாதையில் துண்டு மடித்துக்கொண்டிருந்தபோது படிப்பறையிலிருந்து 'தொப்'பென்று சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், ஏணி முகம் வெளுத்து வெளியே வருகிறாள். உள்ளே உலகம் இரண்டு துண்டு. ஏணிக்கு ஏற்கெனவே சிற்றாலயத்தில் தூங்கியதற்கு ஓர் எச்சரிக்கை, சாப்பாட்டு மேசையில் சிரித்ததற்கு ஓர் எச்சரிக்கை. இதுவும் சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தோழிக்காகப் பழியை ஏற்றால் என்ன? 'ஒருவர் சுமையை ஒருவர் தாங்குங்கள்' என்று அன்று காலைதான் மதரே பாடம் நடத்தியிருந்தார்.

சுமையைத் தூக்கப் போனால், சுமைக்குச் சொந்தக்காரியே வந்து முறைக்கிறாளே! அதுதான் ஊசிக்குப் புரியவில்லை.

*

மறுநாள் ஞாயிறு, வீட்டார் வந்து பார்க்கிற நாள். பார்வையாளர் அறையில் அப்பாவும் அம்மாவும் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா மடியில் ஒரு துணிப்பை.

"என்னடி இப்படி இளைச்சுட்ட? சாப்பாடு போடுறாங்களா, இல்ல வெறும் செபம்தானா?" என்றார் அம்மா.

"மெதுவா பேசு. சுவருக்கு அந்தப் பக்கம் சிஸ்டருங்க இருப்பாங்க" என்றார் அப்பா.

"இருக்கட்டுமே. என் பொண்ணு எலும்பு எனக்குத் தெரியாதா? பெரியப்பா வேன் சொல்லிட்டாரு. சித்தி ஆபீஸ்ல லீவு எழுதிக் கொடுத்துட்டா. உன் தம்பி இருக்கானே, 'அக்கா சிஸ்டர் ஆயிட்டா அக்கான்னு கூப்பிடணுமா, சிஸ்டர்னு கூப்பிடணுமா, ரெண்டும் ஒண்ணுதானே'ன்னு கேட்டு உயிரை வாங்குறான்."

அப்பா பையைப் பிரித்தார். வெள்ளை அங்கி. வார்த்தைப்பாட்டு நாளில் உடுத்த வேண்டியது. மகள் மடத்துக்குப் போவதில் அவருக்குத் துளியும் விருப்பமில்லை. போகிற அன்று கடையை விட்டு எழுந்து வரவே இல்லை. ஆனால் அங்கியை வேறு எவனாவது தைப்பதா என்று அளவுப் பேப்பரைச் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

"உன் கல்யாணத்துக்குத் தைக்கணும்னு இருந்தேன். கடைசியில இது வந்து சேர்ந்துச்சு. ஒரு பார்டர் உண்டா, ஒரு பூ வேலை உண்டா? மொட்டை வெள்ளை. தைக்கிறவனுக்கு இதுல என்ன மரியாதை?" என்று சலித்துக்கொண்டவர், உடனே குரலைத் தழைத்து, "இருந்தாலும் கழுத்தைப் பாரு, எப்படி உக்காந்திருக்கு!" என்றார்.

கழுத்து நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது. அங்கிக்குக் கைகள் மட்டும் இல்லை. தனியாக மடித்து வைத்திருந்தார்.

"கையை நீட்டு. ஒரு தடவை வச்சுப் பாத்துட்டா நாளைக்கே அடிச்சு முடிச்சுடுவேன்."

"கொஞ்சம் பொறுங்கப்பா."

"ஏன்?"

"கை நீளம் எவ்வளவுன்னு... மதர்கிட்ட கேக்கணும்."

"மணிக்கட்டு வரைக்கும். இதுல கேக்க என்ன இருக்கு?"

அப்பா டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மணி அடித்தது. கைகள் மறுபடி பைக்குள் போயின.

*

ஊசிக்கு ஒரு வியாதி உண்டு. 'தெரியாது' என்று சொல்ல வாய் வராது. அப்பாவின் கடையில் நின்று பழகிய வாய் அது. 'நாளைக்குக் கிடைக்குமா?' என்று வாடிக்கையாளர் கேட்டால், துணியை இன்னும் வெட்டவே இல்லாவிட்டாலும் 'கிடைக்கும்' என்று வரும்.

உருண்டை உடைவதற்கு முந்தின நாள் அவள்தான் அதை மூன்றாம் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். பகலும் இரவும் எப்படி வருகின்றன என்பது பாடம். டார்ச் விளக்கை அடித்து, உருண்டையைச் சுற்றிக் காட்டி, வகுப்பே வாயைப் பிளந்தது. அப்போது முன்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள்.

"டீச்சர், உள்ள என்ன இருக்கு?"

"உள்ள போகப் போகப் பாறை, அப்புறம் நெருப்புக் குழம்பு."

"பூமியைக் கேக்கல டீச்சர். இந்த உருண்டைக்குள்ள?"

ஒரு விநாடி கூடத் தயங்காமல் ஊசி சொன்னாள்: "பஞ்சு."

பின்பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைக் கவனித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை சிஸ்டர், வகுப்பு முடிந்ததும் ஒரே ஒரு குறைதான் சொன்னார். "பாடம் அருமை. தெரியாததுக்கும் பதில் சொல்ற வேகம் மட்டும் உங்களுக்குக் கொஞ்சம் அதிகம், சிஸ்டர்."

உடைந்த பாதிகளுக்குள் பஞ்சு இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பழைய செய்தித்தாளும், பசை நாற்றமும், வெறும் காற்றும்தான் இருந்தன. மேசைமேல் அவை கவிழ்ந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஊசிக்குக் காது சுட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று வேறொன்று மண்டையில் உதித்தது. உருண்டையை மரக்காலோடு பிடித்து வைப்பது உச்சியில் இருக்கும் ஒரு சின்ன நட்டு. சுற்றிக் காட்டுவதற்காக அதை அவள் தளர்த்தியிருந்தாள். திருப்பிக் கொண்டுவந்து வைத்தபோது முறுக்கினாளா?

முறுக்கினேன் என்று நினைத்தால், விரல்களில் நட்டின் குளிர்ச்சியே தெரிந்தது. முறுக்கவில்லை என்று நினைத்தால், சாப்பாட்டு மணி அடித்ததும் அப்படியே விட்டுவிட்டு ஓடியது ஞாபகம் வந்தது. மணியின் முதல் ஒலி கேட்டதும் கையில் இருக்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது இங்கே சட்டம். எழுதிக்கொண்டிருக்கிற எழுத்தைக் கூட முடிக்கக் கூடாது. அப்படியானால் சட்டப்படி நடந்ததால் உலகம் உடைந்ததா? இல்லை, அந்த மணி புதன்கிழமை அடித்த மணியா?

சனிக்கிழமை சொன்னது பொய் என்று நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் அது உண்மையாகவும் இருக்கலாம். தெரியாமல் உண்மையைச் சொன்னால் அது பொய்யா? யாரிடம் கேட்பது? பேசக் கூடாது என்று மதர் சொல்லிவிட்டாரே.

"சிஸ்டர்" என்று பக்கத்தில் இருந்த சந்தேகம் கிசுகிசுத்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? நான் துடைக்கும்போது ஆடினது உருண்டையா, நானா?"

"பேசக் கூடாது."

"இது பேச்சா, கேள்விதானே? கேள்வியும் பேச்சுல சேருமா?"

ஊசி ஒரு கிழங்கைத் தோலே இல்லாமல் உரித்து, பாதியாக்கி, மறுபடி உரிக்கத் தொடங்கியிருந்தாள்.

*

துணி துவைக்கும் முற்றத்தில் வியாழக்கிழமை ஏணியும் ஊசியும் ஒரு பெரிய விரிப்பின் இரு முனைகளைப் பிடித்துப் பிழிய வேண்டி வந்தது. ஏணி ஒரு பக்கம் முறுக்கினாள், ஊசி மறுபக்கம் முறுக்கினாள். ஏணி முறுக்கிய வேகத்தில் ஊசி இரண்டு அடி இழுபட்டாள்.

"உன்னை யாருடி கேட்டா?" என்றாள் ஏணி.

"'டீ' போடாத. பேசவும் கூடாது."

"சனிக்கிழமை சொல்லிக்கிறேன். உன்னை யாருடி கேட்டா? நான் எவ்வளவு நாளா ஒரு வழி தேடிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? கிடைச்ச ஒரே வழியில நடுவுல வந்து படுத்துக்கிட்ட."

"என்ன வழி?"

"வீட்டுக்குப் போற வழி."

விரிப்பு ஊசியின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. ஏணி பேசிக்கொண்டே போனாள். அவள் வீட்டில் அத்தை சிஸ்டர், சின்ன அத்தை சிஸ்டர், அக்கா சிஸ்டர். "எங்க வீட்டுல பொண்ணுன்னா ஒண்ணு சிஸ்டரா இருக்கணும், இல்ல சிஸ்டரா ஆகப் போறவளா இருக்கணும். 'எனக்கு வேண்டாம், நான் வரேன்'னு என் வாயால எப்படிச் சொல்வேன்? அவங்களா அனுப்பினா பிரச்சனை இல்ல. அதான் தூங்கினேன். அதான் மேசையில சிரிச்சேன். அசைய மாட்டேங்குறாங்க. நல்ல மனசுக்காரங்க, மன்னிச்சு மன்னிச்சே என்னைக் கொல்றாங்க. குளோபு உடைஞ்சதும் இதுதான் நேரம்னு நினைச்சேன். நீ முந்திக்கிட்ட."

"அப்போ நீ உடைக்கலையா?"

"நானா? நான் உள்ள போனப்பவே ரெண்டா கிடந்துச்சு. ஒரு பாதியைத் தூக்கிப் பாத்தேன், கை நழுவிருச்சு."

"அந்தச் சத்தம்தான் எனக்குக் கேட்டுச்சு!"

"நீதான் உடைச்சிருப்பன்னு நினைச்சேன். கடைசியா தூக்கிட்டுப் போனது நீதானே? சரி, உன்னையும் காப்பாத்தின மாதிரி இருக்கும், நானும் போன மாதிரி இருக்கும்னு பாத்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விரிப்பு மண்ணில் கிடந்தது.

"அப்போ உடைச்சது யாரு?" என்றாள் ஊசி.

"எனக்கென்ன தெரியும்? பூனையா இருக்கும்."

"இங்க பூனையே இல்லையேடி."

"நீயும் 'டீ' போட்டுட்ட" என்றாள் ஏணி. சிரிக்க ஆரம்பித்தவள், பாதியில் அழுதாள். "இதை மதர்கிட்ட சொல்லிடாத. சொன்னா எங்க வீட்டுக்குப் போயிடும். நானே சொல்லணும். எப்போன்னு தெரியல."

விரிப்பை மறுபடி துவைத்தார்கள்.

*

வெள்ளிக்கிழமை மாலை ஊசி மதரின் அறைக் கதவைத் தட்டினாள். தட்டுவதற்கு முன் நான்கு விதமாகப் பேச்சைத் தயார் செய்திருந்தாள். 'நான்தான் உடைத்தேன்' என்று பிடிவாதமாக நின்றால் உண்மை சொன்னவளாகி, பெயர் குழுவுக்குப் போய்விடும். நட்டை நினைத்தால் அது முழுப் பொய்யும் இல்லை. ஏணியைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்றால், பொய்க்கும் ஒரு மரியாதை கிடைக்கும். ஆனால் ஏணி மாட்டிக்கொள்வாள். மற்ற இரண்டும் கதவைத் தட்டிய சத்தத்தில் மறந்துபோயின.

மதர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உக்காரு."

"மதர், இங்க 'ஏன்னா' சொல்லலாமா?"

"இன்னைக்கு சனிக்கிழமை இல்ல. சொல்லு."

"உடைச்சேனா இல்லையான்னு தெரியாமலே உடைச்சேன்னு சொன்னேன். ஏன்னா, வேற ஒருத்தரைக் காப்பாத்துறதா நினைச்சேன்."

"யாரை?"

"அதை நான் சொல்லக் கூடாது."

"கூடாதா, மாட்டியா?"

"தெரியல மதர்."

"காப்பாத்திட்டியா?"

"இல்ல. கெடுத்துட்டேன்னு நினைக்கிறேன்."

மதரின் வாயோரம் லேசாக அசைந்தது. "அப்போ உடைச்சது யாரு?"

"தெரியல. நட்டை முறுக்கினேனான்னு இந்த வாரம் பூரா யோசிக்கிறேன். முறுக்கின மாதிரியும் இருக்கு, முறுக்காத மாதிரியும் இருக்கு. நானாவும் இருக்கலாம்."

மதர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மதிலின் சின்னக் கதவைத் தாண்டி, பள்ளிக்கூட மைதானத்தில் யாரோ விளையாட்டுப் பந்துகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ எதுக்கு இந்தச் சபைக்கு வந்த?"

இந்தக் கேள்விக்கு ஊசியிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. சேர வந்த அன்று அதைச் சொன்னபோது, கேள்வி கேட்ட வயதான சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பதில் இப்போதும் நாக்கு நுனிக்கு வந்து, 'நாளைக்குக் கிடைக்கும்' என்பதுபோலத் தயாராக நின்றது. ஊசி அதை விழுங்கினாள். 

"தெரியல மதர்" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "பிள்ளைங்க முன்னாடி நிக்கும்போது நல்லா இருக்கு. சிற்றாலயத்துல பாதி நேரம் தூக்கம் வருது, பாதி நேரம் அழுகை வருது. எதுக்குன்னு தெரியல. போன்னு சொன்னா போகவும் மனசு வராது. அதுவும் ஏன்னு தெரியல."

மதர் ஜன்னலிலிருந்து திரும்பினார். பிறகு சொன்னார்: "உன் பேரை இந்த வருஷம் அனுப்ப மாட்டேன்."

ஊசி தலையாட்டினாள். கன்னத்தில் வழிந்தது உதட்டில் உப்பாகப் பட்டது.

"முழங்கால்ல நின்னு பொய் சொன்னவங்களை அனுப்ப மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். மாத்திப் பேச முடியாது. ஆனா இப்ப நீ பேசினதைக் கேட்ட பிறகு, நான் செய்யறது சரியான்னு எனக்கே தெரியல." மதர் கண்ணாடியை எடுத்து, போட்டுக்கொள்ளாமல் மறுபடி வைத்தார். "இருக்க மனசிருந்தா இன்னொரு வருஷம் இரு. மனசு மாறினா கேட் வெளிப்பக்கமாவும் திறக்கும்."

ஊசி வெளியே வந்தபோது, நடைபாதைச் சுவரில் சாய்ந்தபடி ஏணி நின்றிருந்தாள்.

"என்ன சொன்ன?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

"என்னைப் பத்தி மட்டும்தான்."

ஏணி முக்காட்டைச் சரி செய்தாள், கலைத்தாள், மறுபடி சரி செய்தாள். பிறகு, சொல்லாமல் விட்டதை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லப் போகிறவள்போல, கதவைத் தட்டாமலே உள்ளே போய்விட்டாள்.

*

சனிக்கிழமை, குழுவுக்குப் போகும் பெயர்களை மதர் படித்தார். ஊசியின் பெயர் இல்லை, ஏணியின் பெயரும் இல்லை. சந்தேகத்தின் பெயர் இருந்தது. துடைத்தேன், ஆடியது என்று தெரிந்ததை மட்டும் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

சந்தேகம் கை தூக்கினாள். "மதர், அது நிச்சயமா என் பேரா?"

"உன் பேருதான்."

"வேற யாருக்காவது இதே பேரு..."

"உக்காரும்மா."

ஏணியை அழைத்துப் போக அவளுடைய அண்ணன் வந்தார். முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். கேட்டருகே பெட்டியை வைத்துவிட்டு ஏணி திரும்பி வந்து ஊசியின் தோளில் இடித்தாள். "போயிட்டு வரேன்டி. இனிமே 'டீ' போட்டா குற்றமில்ல" என்றாள். தெருவைத் தாண்டும்வரை அவள் தலை மட்டும் மற்றவர்கள் தலைகளுக்கு மேலே தெரிந்தது.

திங்கட்கிழமை ஊசி, உடைந்த பாதிகளைக் கூடையில் போட்டு மூன்றாம் வகுப்புக்கு எடுத்துப் போனாள்.

"பஞ்சு இல்லையே டீச்சர்!" என்றாள் முன்வரிசைப் பெண், முதல் பார்வையிலேயே.

"ஆமா. தெரியாம சொன்னேன்."

 பின்பெஞ்சில் யாரோ, "டீச்சருக்கே தெரியாதா?" என்றார்கள்.

"தெரியாது."

"அப்போ நாங்களும் வீட்டுப்பாடத்துல தெரியாதுன்னு எழுதலாமா?"

"அது கூடாது" என்றாள் ஊசி வேகமாக. ஏன் கூடாது என்று அவர்கள் கேட்பதற்குள் பசை டப்பாவைத் திறந்தாள். வகுப்பே கூடி ஒட்டியதில் ஒரு கடலில் பாதி காணாமல் போனது. இரண்டு கண்டங்கள் நெருங்கி வந்துவிட்டன.

அடுத்த ஞாயிறு அப்பா தனியாக வந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். உடைந்தது, சொன்னது, நட்டு, மதர். ஏணியின் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டாள். 

"அப்போ நீதான் உடைச்சியா?" என்றார் அப்பா கடைசியில்.

"தெரியலப்பா."

"சரி, நான் இப்ப சந்தோஷப்படணுமா, வருத்தப்படணுமா? ஒண்ணைச் சொல்லு. வீட்டுக்குப் போனா உங்க அம்மாவுக்கு ஒரு பதில் வேணும். வேன்காரன் வேற ரெண்டு தடவை கேட்டுட்டான்."

"அதுவும் தெரியலப்பா."

"வீட்டுக்கு வரியா?"

அவள் யோசித்தாள். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு அந்தத் தலையாட்டல் எங்கிருந்து வந்தது என்று அவளே வியந்து நின்றாள்.

அப்பா பெருமூச்சு விட்டார். பையிலிருந்து அங்கியை எடுத்து அவள் தோளில் வைத்துப் பார்த்தார். டேப்பை எடுத்து மணிக்கட்டு வரை அளந்தார். இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அடுத்த வருஷத்துக்குள்ள உடம்பு எப்படி ஆகுமோ, யாரு கண்டா? பக்கவாட்டுல உள்ள துணி விட்டிருக்கேன். பெருத்தா பிரிச்சு விட்டுக்கலாம், இளைச்சா பிடிச்சுக்கலாம்."

"அந்த நாள் வராமலே போனா?"

"வராமலே போனா என்ன, வெள்ளைத் துணிதானே? சாயம் முக்கினா எதுவா வேணா ஆகும்." சொல்லிவிட்டு, அதில் அவருக்கே நம்பிக்கை வராததுபோல, கழுத்துப் பகுதியை மட்டும் ஒருமுறை தடவிப் பார்த்தார். அங்கியை மடித்து உள்ளே வைத்தார். கைகளைத் தனியாகச் சுருட்டி அதன்மேல் வைத்தார்.

கேட் வரை கூடப் போனாள். அப்பா தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்று, திரும்பிப் பார்த்தார். அவள் கையைத் தூக்கினாள். அதே நேரம் உள்ளே மணி அடித்தது.

முதல் ஒலிக்கே ஓட வேண்டும். அப்பாவோ இன்னும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எதை விடுவது என்று தெரியாமல், தூக்கிய கையை அசைத்துக்கொண்டே ஊசி ஓடினாள்.